பழைய தோட்ட டிராக்டர்: வாங்குவது முதல் கண்காட்சி வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். அப்புறம் கேள்விகள் வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை, கேட்கும் வார்த்தைகள்கூட ஏறக்குறைய அதே. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதலிலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பல பதில்களுக்கு முன்னால் சொன்னதுதான் அடிப்படை.

இது புல்லு வெட்டுற வண்டிதானே? இதுக்கா டிராக்டர்னு பேரு?

புல் வெட்டுவது இது செய்யும் வேலைகளில் ஒன்று. தோட்ட டிராக்டர் மண்ணில் இறங்கி உழைப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி. தடித்த இரும்புச் சட்டம், வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் கியர்பாக்ஸ், பின்னால் பெரும்பாலும் 12 அங்குல ரிம்மில் அகலமான சக்கரம், கலப்பையோ பனி தள்ளும் பலகையோ மாட்டுவதற்கான அமைப்பு எல்லாம் இருக்கும். வெறும் புல்வெட்டி வண்டிக்குச் சட்டமே மடித்த தகடுதான். அதில் கலப்பையைக் கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் தாங்காது.

சந்தேகம் வந்தால் பானெட்டையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டுக் குனிந்து பின் அச்சைப் பாருங்கள். விடை அங்கே தெரிந்துவிடும்.

எத்தனை வருஷம் ஆனா விண்டேஜ்னு சொல்லலாம்?

கண்காட்சி நடத்துபவர்களைப் பொறுத்தது. சிலர் 25 ஆண்டு என்பார்கள், சிலர் 30 என்பார்கள். பதிவுப் படிவத்திலேயே போட்டிருக்கும். ஆர்வலர்கள் தேடி அலைவது பெரும்பாலும் 1950களின் கடைசியிலிருந்து 1980 வாக்கில் வரை வந்த வண்டிகளை.

இதன் வேர் இன்னும் பழையது. நடந்துகொண்டே பிடித்து ஓட்டும் கிரேவ்லி உழவு இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1916-லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. ஆனால் உட்கார்ந்து ஓட்டும் சின்ன டிராக்டருக்குப் பெரிய சந்தை வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். நகர ஓரங்களில் வீடும் பரந்த தோட்டமுமாக மக்கள் குடியேறிய காலம் அது. இந்தியானா மாநிலத்து சவுத் பெண்டில் போண்ட் குடும்பம் 1946-ல் தொடங்கிய தொழில் வீல் ஹார்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. பண்ணை டிராக்டர் செய்துகொண்டிருந்த பெரிய நிறுவனங்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் 1961 மாடலாக வந்தது, ஜான் டியர் 110 வந்தது 1963-ல். இரண்டிலும் இருந்தது கோலர் நிறுவனம் செய்த 7 குதிரைத்திறன் இன்ஜின். பிறகு 1981-ல் கப் கேடட் எம்டிடி நிறுவனத்துக்குக் கைமாறியது, 1986-ல் வீல் ஹார்ஸை டோரோ வாங்கியது. பழைய ஆட்கள் இந்த இரண்டு வருடங்களையும் எல்லைக்கல் மாதிரி வைத்துப் பேசுவார்கள்.

முதல் வண்டியா எதை வாங்கலாம்?

உதிரிபாகம் கிடைப்பதை. அழகு, அபூர்வம் எல்லாம் இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். கோலர் கே வரிசை இன்ஜின் கப் கேடட், ஜான் டியர், வீல் ஹார்ஸ் எல்லாவற்றிலும் வந்ததால் அதன் பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பாயின்ட் (பிளக்கில் பொறி வருவதற்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடர்பு முனை) எல்லாவற்றையும் இன்றும் புதிதாக வாங்க முடிகிறது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களும் நிறைய. அந்த இன்ஜின் உள்ள எந்த வண்டியும் நல்ல தொடக்கம்.

இன்னொன்று: முழுசாக இருக்கும் வண்டியை வாங்குங்கள். புதிதாகச் சேர்பவர்கள் ஓடும் இன்ஜினைப் பார்த்து மயங்கி, பானெட் இல்லாத வண்டியை எடுத்துவிடுகிறார்கள். பிடித்துக்கொண்ட இன்ஜினை ஒரு மாதத்தில் விடுவித்துவிடலாம். காணாமல்போன கிரில்லையும் மட்கார்டையும் தேடி நான்கு வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பார்க்கப் போற இடத்துல எதை எதைத் தொட்டுப் பார்க்கணும்?

ஃபிளைவீல் கையால் சுற்றுகிறதா பாருங்கள். ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் அச்சின் நடு முளையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும், அதைச் சரிசெய்ய லேத் வேலை தேவைப்படும். சட்டத்தில், குறிப்பாக இன்ஜின் உட்காரும் இடத்திலும் கலப்பை மாட்டும் இடத்திலும், விரிசலோ பழைய வெல்டிங்கோ இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

பின் ரிம்மை மறந்துவிடுவார்கள். எடை கூட்டுவதற்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவது அந்நாளில் வழக்கம். வால்வு வழியாகக் கசிந்தால் அது ரிம்மை உள்ளிருந்தே தின்றுவிடும். வால்வைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் ரிம்மையே மாற்ற வேண்டிவரலாம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சட்டத்தில் உள்ள மாடல் தகட்டின் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் இன்ஜின் மேல்கூட்டில் உள்ள தகடு. இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் பிறந்தபோது இருந்த இன்ஜின்தான் என்று ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் வழியில் எங்கோ இன்ஜின் மாறியிருக்கிறது. ஐம்பது அறுபது வருடத்தில் அது நடக்கக்கூடியதுதான், குற்றம் ஒன்றுமில்லை. எண்ணை எழுதிவைக்காமல் தகட்டின்மேல் மணல் வீசவோ பெயிண்ட் அடிக்கவோ மட்டும் கூடாது.

வண்டி வந்துடுச்சு. உடனே பிரிச்சுப் போட்டுடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் படம் எடுங்கள். நூறு படமாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது, எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, பெல்ட் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, ஸ்டிக்கர் ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் இருப்பிடத்தைப் படம் எடுக்காமல் விட்ட வண்டியில் இன்ஜின் வேகம் சரியாக வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அடுத்து, முடிந்தால் பிரிப்பதற்கு முன்னால் வண்டியை ஓட வையுங்கள். ஓடும் வண்டி தன் நோயைத் தானே சொல்லும். எந்த கியர் கத்துகிறது, எங்கே ஆயில் ஒழுகுகிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது எல்லாம் தெரியும். பிரித்துக் கிடக்கும் குவியலில் இது ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, பிரிக்கும்போது பகுதி பகுதியாகப் பிரியுங்கள். முன் அச்சைக் கழற்றினால் அதைச் சரிசெய்து பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாகப் பிரித்த வண்டிகள் பல, பெட்டி பெட்டியாக அடுத்தவர் கைக்குப் போயிருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கியவன் நான். போல்ட்டுகளைப் பிரித்து அடையாளம் காண்பதற்கே ஒரு குளிர்காலம் போனது.

இருபது வருஷமா நின்னது. பேட்டரி போட்டு ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமா?

தட்டுவதற்கு முன்னால் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள தகட்டு மூடியைக் கழற்றுங்கள். காற்றால் குளிரும் இன்ஜின் இது. மூடிக்குள் எலி கூடு கட்டியிருந்தால் காற்றுப் போகும் வழி அடைபட்டு, நன்றாக ஓடுவது மாதிரி ஓடி, சூடேறிக் கெட்டுப்போகும். நின்றுபோன வண்டிகளில் பாதிக்கு மேல் நான் கூட்டைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஒரு சின்ன பாட்டிலிலிருந்து தனிக்குழாயில் புதுப் பெட்ரோல் கொடுங்கள். பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, கையால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். பாயின்ட் முகங்கள் பூத்துப்போயிருக்கும், அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். கே வரிசையில் பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். இதெல்லாம் ஒரு மாலைப் பொழுது வேலை. பிளக்கில் நீலப் பொறி தெரிந்தபிறகு செல்ஃபைத் தொடுங்கள்.

இன்ஜின் அசையவே மாட்டேங்குது. போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. சிலிண்டரில் ரிங்குகள் துருவோடு ஒட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவு கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றி ஊறவிடுங்கள். ஒரு நாளில் விடுபட்டதும் உண்டு, மூன்று வாரம் ஆனதும் உண்டு. தீப்பிடிக்கும் கலவை, நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தினமும் ஒருமுறை ஃபிளைவீல் நட்டில் நீளமான பிடி போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தால்கூடப் போதும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நகரும்.

இந்த இன்ஜின்களில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருப்பதால், மேலே உள்ள ஹெட் வெறும் மூடிதான். அதைக் கழற்றிவிட்டு நேராகவே பார்த்து வேலை செய்யலாம். சில நேரம் ஒட்டிக்கொண்டது பிஸ்டனாக இருக்காது, துருவில் பிடித்துக்கொண்ட ஒரு வால்வாக இருக்கும். பிஸ்டன் தலையில் சுத்தியல் வேண்டாம். ஃபிளைவீலின் விசிறி இதழ்களில் கம்பி போட்டு நெம்பவும் வேண்டாம், ஒரே அழுத்தில் உடைந்துவிடும்.

கம்ப்ரஷன் கேஜ் வெச்சா ரொம்பக் குறைவா காட்டுது. ரிங் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார்.

உங்களுடையது கே181, கே241, கே301 மாதிரியான கோலர் என்றால் அவசரப்பட்டு ஓவராயிலுக்குப் போகாதீர்கள். சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக, மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்தே பிடித்திருக்கும் ஓர் அமைப்பு கேம் ஷாஃப்டில் இருக்கிறது. வேகம் ஏறியதும் அது தானாக விலகிக்கொள்ளும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் கேஜ் குறைவாகக் காட்டுவது அதன் இயல்பு.

சரியான சோதனை கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீல் நழுவாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. காதே போதும்.

நல்லா ஸ்டார்ட் ஆகுது, பத்து நிமிஷத்துல நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுது. என்ன கோளாறு?

முதலில் டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதன் காற்றுத் துளை அடைபட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. மூடி குற்றமில்லை என்றால், நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி இல்லாவிட்டால் சூட்டில் அறுந்துபோகும் காயில் அல்லது கண்டென்சர். பொறி இருந்து பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வழியில் அடைப்பு.

டாங்கின் அடியில் படிந்த துரு குழாயின் வாயில் வந்து அடைத்து, நின்றபின் மறுபடி கீழே படிவதும் இதே அறிகுறியைத்தான் காட்டும். அதனால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதற்கு முன் டாங்கைச் சுத்தம் செய்யுங்கள். வரிசை மாறினால் அதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

பழைய இன்ஜினுக்கு டிடர்ஜென்ட் இல்லாத ஆயில்தான் ஊத்தணும்னு சொல்றாங்களே?

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. பல வருடம் பழைய வகை ஆயிலில் ஓடிய இன்ஜினின் அடியில் கசடு படிந்திருக்கும். அழுக்கைக் கரைக்கும் ஆயிலை ஊற்றினால் அது கிளம்பிச் சுற்ற ஆரம்பிக்கும். தீர்வு, அடித்தட்டைக் கழற்றிக் கசடைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல எஸ்ஏஇ 30 டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றுவது. இந்த இன்ஜின்களில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் நுனியில் உள்ள ஒரு சிறு கரண்டி ஆயிலை வாரித் தெளிப்பதுதான் எல்லாம். அதனால் அளவு குறைந்தால் மன்னிப்பே இல்லை, ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

செல்ஃப் மோட்டார் எங்கேன்னே தெரியல. பெல்ட்டுல ஒரு டைனமோதான் இருக்கு.

அந்த டைனமோதான் செல்ஃப். 1960களின் வண்டிகள் பலவற்றில் ஒரே உருளை இரண்டு வேலையும் செய்யும். சாவியைத் திருப்பினால் மோட்டாராகப் பெல்ட் வழியே இன்ஜினைச் சுற்றும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே பெல்ட்டில் தான் சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். பெல்ட் தளர்ந்திருந்தால் இரண்டும் கெடும்.

டைனமோவையோ, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ கழற்றி மாட்டினால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் அதற்கு முனை காட்ட வேண்டும். ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் டைனமோ முனையையும் ஒரு ஒயரால் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுத்தால் போதும். இதைச் செய்யாமல் விட்டால் சார்ஜ் தலைகீழாகப் போய் ரெகுலேட்டர் கருகும். ஒயரிங் எல்லாம் புதிதாகப் போட்டும் சார்ஜ் ஆகவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்ஜினைத் திறந்தேன், உள்ளே ரெண்டு சின்ன கியர் தனியா சுத்துது. அதை எடுத்துடச் சொல்றாங்க. எடுக்கலாமா?

அவை அதிர்வைக் குறைக்க வைத்த பேலன்ஸ் கியர்கள். 10 குதிரைத்திறனும் அதற்கு மேலுமான கோலர் கே இன்ஜின்களில், ஒரு காலத்துக்குப் பின் வந்தவற்றில் இருக்கும். அவற்றின் பேரிங் தேய்ந்து ஒரு கியர் கழன்றால் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிளாக் போனால் எல்லாம் போனது.

அசல் தன்மையைக் காப்பாற்ற வேண்டும் என்று கடைசிவரை வாதாடுகிறவன் நான். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதிர்வு கொஞ்சம் கூடும், ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. எடுத்த கியர்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, எந்த வண்டியினுடையது என்று எழுதி, பெட்டியில் வையுங்கள். இன்ஜினைப் பூட்டியபின் வேகம் 3,600 சுற்றைத் தாண்டாதபடி கவர்னரைச் சரிசெய்யுங்கள். கனெக்டிங் ராட் அலுமினியம், அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

துருவை எடுக்க எது நல்ல வழி? மணல் வீசிடலாமா?

தடித்த வார்ப்புக்கு மணல் வீசலாம். பானெட் மாதிரி மெல்லிய தகட்டில் வீசினால் சூட்டில் நெளிந்துவிடும். இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கமே மணல் போகக்கூடாது, ஒரு துகள் பேரிங்குக்குள் நுழைந்தால் போதும்.

எனக்குப் பிடித்தது மின்பகுப்பு முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தில் சார்ஜரின் நெகட்டிவ், பலியிடும் பழைய இரும்புத் துண்டில் பாசிட்டிவ். இரண்டும் தொட்டுக்கொள்ளக்கூடாது. மறுநாள் எடுத்தால் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது. பலித் துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடவே கூடாது, தண்ணீரில் நச்சான குரோமியம் கலக்கும். அலுமினியப் பாகத்தையும் இதில் போடாதீர்கள், அரித்துவிடும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள்.

பெயிண்ட் அடிக்கணுமா, அப்படியே விட்டுடலாமா?

கையகலம் இடத்தில் மெழுகு போட்டுத் துடைத்துப் பாருங்கள். மங்கிக் கிடந்த சிவப்போ மஞ்சளோ எழுந்து வந்தால், அந்த வண்டிக்குப் பெயிண்ட் வேண்டாம் என்பது என் கட்சி. தொழிற்சாலையில் அடித்த பூச்சு ஒரு முறைதான் கிடைக்கும். கண்காட்சிகளிலும் இப்போது அசல் பூச்சுள்ள வண்டிக்குத் தனி மரியாதை, பல இடங்களில் தனிப் பிரிவே இருக்கிறது. தகடு அரித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, இடையில் யாரோ வீட்டுக் கதவுப் பெயிண்டைப் பூசியிருந்தாலோ அடிக்கத்தான் வேண்டும்.

நிறத்தைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வெயில் படாத இடம் ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும்: சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால், பேட்டரித் தட்டின் கீழே. அங்கே இருப்பதுதான் உண்மையான நிறம். ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. ஜான் டியர் 1969-ல் பேட்டியோ என்ற வரிசையை விட்டது. வெள்ளை உடம்பு, பானெட்டும் சீட்டும் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என வாங்குபவர் விருப்பப்படி. அந்த வண்டி ஒன்று கைக்கு வந்து, யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பச்சையாக்கிவிட்டால் அதைவிடத் துயரம் வேறில்லை.

சரி, அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுலயே அடிக்கலாமா?

அடிக்கலாம், இரண்டு எச்சரிக்கையோடு. பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் போட்டு உப்புத்தாளால் தேயுங்கள், அழுக்கைத் துணியில் வழித்தெடுங்கள். இதே கவனம் பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குக்கும் வேண்டும். அதில் கல்நார் இருக்கலாம், காற்று அடித்துத் தூசி கிளப்பக்கூடாது. அடுத்தது, ஹார்டனர் கலந்த பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லை என்றால், ஹார்டனர் சேர்க்காத எனாமலை அடித்துவிட்டுக் காய்வதற்கு ஒரு மாதம் விடுங்கள்.

மற்றபடி தொண்ணூறு பங்கு வேலை பெயிண்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். டிங்கரிங், பட்டி பார்ப்பது, பிரைமர், மறுபடி தேய்ப்பது. ஆயில் கசிவை நிறுத்தாமல் அடித்த பெயிண்ட் ஒரு வருடம்கூடத் தாங்காது. ‘உடனே பிரிக்கலாமா’ என்ற கேள்விக்குச் சொன்ன பதிலில் முதலில் ஓட வையுங்கள் என்று வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

அசல் பார்ட் கிடைக்கல. வேற வண்டியோடதைப் போட்டா கண்காட்சில சேர்ப்பாங்களா?

சேர்ப்பார்கள். இந்தப் பொழுதுபோக்கில் எத்தனை கடுமையான ஆட்களும் ஒரு தவறான போல்ட்டுக்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை. மறைப்பதுதான் தப்பு. வண்டிக்கு முன்னால் வைக்கும் அட்டையில் மாடல், ஆண்டு, என்ன மாற்றினீர்கள், என்ன அசல் என்று எழுதிவிடுங்கள். ‘இன்ஜின் இதே வகை, வேறு வண்டியிலிருந்து எடுத்தது’ என்று எழுதியிருந்தால் பார்ப்பவர் தலையசைத்துவிட்டு அடுத்ததைக் கேட்பார். எழுதாமல் விட்டு, எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்டுபிடித்தால் மற்ற நல்ல வேலையையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

கண்காட்சில மதிப்பெண் போடுறவங்க எதைப் பார்ப்பாங்க?

பல கண்காட்சிகளில் மதிப்பெண்ணே கிடையாது, கொண்டுவந்து நிறுத்திப் பேசுவதுதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மவுண்ட் பிளசன்டில் 1950-லிருந்து நடக்கும் பழைய இயந்திரத் திருவிழாவைப் போன்ற பெரிய இடங்களில் நீராவி இயந்திரங்களுக்கு நடுவே தோட்ட டிராக்டர்களுக்கும் இடமுண்டு. மதிப்பெண் உள்ள இடங்களில் பார்ப்பது அந்தக் காலத்து போல்ட் தலை, சரியான இடத்தில் ஸ்டிக்கர், சரியான மிதிப்பு உள்ள டயர், அசல் வழியில் போகும் ஒயர். தேவைக்கு மேல் பளபளப்பதையும் குறையாகப் போடுபவர்கள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வார்ப்பிரும்பு சொரசொரப்பாகத்தான் இருந்தது, அதைப் பட்டி பார்த்துக் கண்ணாடியாக்கினால் அது வேறு வண்டி.

ஒரு பாதுகாப்பு விஷயம். இந்த வண்டிகளில் சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் பெரும்பாலும் இல்லை. பெல்ட்டும் திறந்தே ஓடும். கூட்டத்தில் நிறுத்தும்போது சாவியை எடுத்துவிடுங்கள், பிளக் ஒயரைக் கழற்றுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், வெட்டும் தட்டு இருந்தால் பிளேடுகளைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் ஏறி உட்காரத்தான் செய்வார்கள், உட்காரட்டும்.

டிரெய்லர்ல எப்படிக் கட்டறது?

சட்டத்தையும் பின் அச்சுக் கூட்டையும் பிடித்து நான்கு மூலையிலும் கட்டுங்கள். ஸ்டியரிங் கம்பியில் கொக்கி போடாதீர்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். பானெட்டைத் தனியாகக் கட்டுங்கள், எதிர்க்காற்று அதைத் தூக்கிக் கீலோடு பிய்த்துவிடும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியை, அதாவது கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் சக்கரம் சுற்றும் வண்டியைத் தள்ளி ஏற்றுவதாக இருந்தால், அதை விடுவிக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு அழகா பண்ணினதை மண்ணுல இறக்கி உழலாமா?

உழுங்கள்! உழவு நாளில் இறங்காத தோட்ட டிராக்டரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 10 அங்குல ஒற்றைக் கொழுக் கலப்பை, பின் சக்கரத்துக்கு எடைக் கட்டிகளும் சங்கிலியும், இவ்வளவுதான் தேவை. முதல் சால், அதாவது கலப்பை கிழிக்கும் முதல் கோடு, கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கட்டும். இரண்டாவது சாலிலிருந்து வலது சக்கரங்கள் முதல் சாலுக்குள் இறங்கி ஓடும், வண்டி சாயும். அந்தச் சாய்வில் கலப்பை நிமிர்ந்து நிற்கும்படி திருத்திக்கொள்ள வேண்டும். சமதரையில் நிறுத்திச் சரிபார்த்துவிட்டு, வயலில் மண் ஏன் புரளவில்லை என்று தவிப்பவர்கள் செய்யும் தவறு இது ஒன்றுதான். ஆழம் ஐந்து, ஆறு அங்குலம் போதும். முடிந்ததும் கொழுவில் கிரீஸ் தடவிவையுங்கள், ஒரே இரவில் துரு பூத்துவிடும்.

போட்ட காசு திரும்ப வருமா?

வராது. ஓவராயில், டயர், பெயிண்ட் எல்லாம் சேர்த்தால் விற்கும் விலையைத் தாண்டிவிடும். விற்பதற்காகச் செய்யாதீர்கள்.

இது எங்க அப்பா ஓட்டின வண்டி. பெயிண்ட் அடிச்சா அவர் கை பட்ட தடமெல்லாம் போயிடுமேன்னு இருக்கு. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பலர். ஒருவர்கூடச் சிரித்துக்கொண்டே கேட்டதில்லை. பூச்சைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும், அசல் பூச்சு எழுந்து வந்தால் விட்டுவிடுங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் எல்லாவற்றையும் அடிக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங் வளையத்தில் அவர் பிடித்துப் பிடித்து வழுவழுப்பான இடம், பிரேக் மிதியில் செருப்புத் தேய்த்த பள்ளம், கியர் குமிழ், அவசரத்துக்கு அவர் கம்பி சுற்றிக் கட்டிய இடம், இவற்றைக் கழற்றித் தனியே வையுங்கள். கூடு மட்டும் பெயிண்டுக்குப் போகட்டும். திரும்ப வந்ததும் அவற்றை அப்படியே பூட்டுங்கள். மதிப்பெண் போடுபவர் கேட்டால், முன்னால் இருக்கும் அட்டையில் அதையும் எழுதியிருக்க வேண்டும்: இந்த நான்கு பாகங்களும் தொடப்படவில்லை, இன்னார் இத்தனை வருடம் ஓட்டியது.